ஆறு வயது நிரம்பியவை

தன்சானியா
4 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கனடாவில் வெயில் வந்ததில் அம்மாவின் மூட்டு நோவு கொஞ்சம் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். போனில் பேசினால் அவ பக்கத்தில் நிற்பா, அதனால்தான் கடிதம். இது பட்டணத்துக்குப் போய்த் தபாலில் சேரவே நாளெடுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை என்னவென்று நேராகக் கேட்டீர்கள், நேராகவே சொல்கிறேன். நான் சிங்கத்துக்கு வைத்தியம் பார்க்கவில்லை. இங்கே காசு கட்டிச் சிங்கம் சுட வருகிறார்கள். எந்த ஆண் சிங்கத்தைச் சுடலாம் என்று சொல்வதுதான் என் வேலை. அதற்கு ஆறு வயது நிரம்பியிருக்க வேண்டும். குட்டிகள் உள்ள கூட்டத்தின் தகப்பனாக இருக்கக் கூடாது. தகப்பன் செத்தால் வேறு ஆண்கள் வந்து குட்டிகளைக் கொன்றுவிடும்.

வேட்டைக்கு முன்னம் படம் அனுப்புவார்கள். முதலில் மூக்கைப் பார்ப்பேன். இளசுக்கு மூக்கு ரோஸ் நிறம், வயது போகப் போகக் கறுக்கும். பிறகு பிடரி, தழும்பு, தொங்கும் கன்னம். பார்த்து ஓம் அல்லது இல்லை என்று எழுதுவேன். இந்த விதி வர முன்னம் கண்டதையெல்லாம் சுட்டார்களாம். இப்போது இளசுகள் தப்புகின்றன. அதை நினைத்துத்தான் இங்கே இருக்கிறேன்.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் தம்பி
பஸ்ரியன்

மோர்னிங்சைட்
27 மே 2024

என் அருமைத் தம்பிக்கு,

உன் கடிதத்தை ஒஷாவாவில் வேலைத்தல வாசலில் காரை நிறுத்திவிட்டுப் படித்தேன். பிறகு உள்ளே போக மனம் வரவில்லை. ஷிஃப்டுக்குப் பிந்திப்போய் சுப்பவைசரிடம் ஏச்சு வாங்கினேன், அதை உன் கணக்கில் போட்டிருக்கிறேன்.

அம்மா கோயிலில் காண்கிறவர்களிடமெல்லாம், "என்ர கடைக்குட்டி சிங்கத்துக்கு வைத்தியம் பாக்கிறான்" என்று சொல்லித் திரிகிறா. இராஜேஸ்வரி அன்ரி, "அப்ப வரேக்க என்ர பூனையையும் ஒருக்கால் பாக்கச் சொல்லுங்கோ" என்கிறா. வேறொரு நாளென்றால் உனக்கு இதை எழுதிச் சிரித்திருப்பேன்.

சண்டைக் காலத்தில் வன்னியில் எங்கள் அல்பேட் அண்ணாவைக் கொண்டுபோனபோது உனக்குப் பத்து வயது. அம்மா உன்னைப் பங்கருக்குள் இறக்கியிருந்ததால் நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். இயக்கத்துக்கு ஆள் பிடிக்க வந்தவர்களில் ஒருத்தன் அண்ணாவின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, அரும்பு மீசையைப் பார்த்தான். "பதினெட்டு இருக்கும்" என்றான். "பதினைஞ்சு தம்பி, பதினைஞ்சுதான்" என்று அம்மா அவன் காலில் விழுந்தா. அத்தாட்சி கேட்டான். கடதாசியெல்லாம் இடம்பெயர்ந்ததில் போய்விட்டது. அண்ணா உயரமாக வளர்ந்திருந்தார், வேறொரு குற்றமும் செய்யவில்லை. திரும்பி வரவேயில்லை.

அந்தக் கை எனக்கு இன்னும் கனவில் வரும். உன் கடிதம் வந்த பிறகும் வந்தது. அதில் உன் மணிக்கூடு கட்டியிருந்தது.

வேலையை விட்டிட்டு வா.

அக்கா
கிளடிஸ்

தன்சானியா
20 யூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. மிருகத்தையும் அண்ணாவையும் ஒன்றாக வைத்துப் பேசலாமா என்று ஒரு பதில் எழுதினேன். நல்ல வேளை, அனுப்பவில்லை.

பிறகு ஒரு படம் வந்தது. மூக்கு நல்ல கறுப்பு. முகம் முழுக்கத் தழும்பு, ஒரு காது கிழிந்திருந்தது. கூட்டம் இல்லாத தனியன். ஏழு வயது, ஓம் என்று எழுதினேன்.

சுட்ட பிறகு பல்லை எக்ஸ்ரே எடுப்பது இங்கே வழக்கம். இளம் பல் என்றால் நடுவில் குழி பெரிதாக இருக்கும். பெரிதாகத்தான் இருந்தது. நாலு வயது அக்கா. சண்டை பிடித்துப் பிடித்து முகம் முற்றியிருக்கிறது.

தோலுரிக்கும் கொட்டிலுக்குப் போய் அதன் பக்கத்தில் இருந்தேன். காலில் குட்டிப் பருவத்துப் புள்ளிகள் இன்னும் அழியவில்லை. படத்தில் அதைப் புல் மறைத்திருந்தது. எனக்கு அண்ணாவின் முகம் நினைவில்லை, மீசை மட்டும்தான் ஞாபகம். இப்போது எந்தப் படத்தைத் திறந்தாலும் அந்த மீசைதான் முதலில் தெரிகிறது. பயமாக இருக்கிறது.

வருகிற எல்லாப் படத்துக்கும் "சந்தேகம், பொறுக்கவும்" என்று எழுதி வைக்கிறேன். மேலே இருப்பவர்களுக்கு அது பிடிக்கவில்லை. நீங்கள் சொன்னபடி வந்துவிடட்டோ?

பஸ்ரியன்

மோர்னிங்சைட்
12 ஓகஸ்ட் 2024

என் அருமைத் தம்பி,

வராதே. முன்னம் எழுதியதை நான் மாற்றிச் சொல்கிறேன் என்று நக்கலடிப்பாய், அடி.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நிறைய அழுதேன். அந்தச் சிங்கத்துக்கா அண்ணாவுக்கா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் ஒன்று விளங்கியது. எங்கள் வாசலில் நின்றவன் அண்ணாவை ஏற்றிப் போன பிறகு அவர் பக்கத்தில் போய் இருந்திருக்க மாட்டான். வந்தவர்களில் ஒருத்தனாவது, "சந்தேகமாய்க் கிடக்கு, விடுங்கோ" என்று சொல்லியிருந்தால் அண்ணா இன்று இங்கே மார்க்கம் நகரில் வீடு வாங்கி, மோர்ட்கேஜ் கட்டி அலுத்து, எங்கள் இரண்டு பேரையும் வம்புக்கு இழுத்துக்கொண்டிருப்பார்.

அந்த ஒருத்தனாக நீ இரு. சந்தேகம் என்றால் சந்தேகம் என்றே எழுது. அவர்களாக உன்னைத் துரத்தட்டும், நீயாக எழும்பி வராதே. வா என்று எழுதியது என் பயம்.

அம்மா உனக்கு மாசிச் சம்பல் செய்து வைத்திருக்கிறா. அனுப்ப வழி பார்க்கிறேன்.

கிளடிஸ்

தன்சானியா
6 செப்ரெம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. அதற்குள் நான் விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன். உங்கள் பதில் வரும்வரை பொறுத்திருக்கலாம். பொறுக்க முடியவில்லை.

உங்கள் கடிதம் கண்டதும், வேலையைத் திரும்பத் தாருங்கள் என்று போய்க் கேட்டேன். இருக்கச் சொல்லி, தேத்தண்ணி தந்து, என் இடத்துக்குப் புதியவர் வந்துவிட்டார் என்றார்கள். அவர் கெட்டவர் இல்லை, என்னைவிட அனுபவசாலி. "சந்தேகம் எண்டது ஒரு பதிலில்லை" என்ற கருத்தில் என்னிடம் தன்மையாகச் சொன்னார். நான் நிறுத்தி வைத்திருந்த படங்களையெல்லாம் ஒரே பின்னேரத்தில் பார்த்து முடித்தார். எல்லாவற்றுக்கும் ஓம். சிலது சரியாகவும் இருக்கலாம். நான் சாமான் கட்டிக்கொண்டிருக்கிறேன், வேட்டைக்குப் போகும் வாகனங்களின் சத்தம் கேட்கிறது.

வருகிற மாதம் ரொறொன்ரோ வந்துவிடுவேன். எயர்போட்டுக்கு நீங்கள் வர வேண்டாம், என் சிநேகிதன் ஜனார்த்தன் வருவான். கொஞ்ச நாள் அவனோடு இருக்கிறேன். அம்மாவுக்கு வேலை விஷயம் என்று ஏதாவது சொல்லுங்கள்.

உங்களில் கோபம் இல்லை அக்கா. நீங்கள் வா என்று எழுதினீர்கள், எனக்கும் வரத்தான் மனம் இருந்தது, விலகிவிட்டேன். அந்தப் படங்களுக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஓம் போட்டிருக்கிறோம். இப்போதைக்கு உங்கள் முகத்தைப் பார்க்க என்னால் ஏலாது.

பஸ்ரியன்