மூன்றாம் ஓலை

13 பிப்ரவரி '83, ஞாயிறு
மூடுபனி. கோயில் மணி கேட்டது, கோயில் தெரியவில்லை. எங்கள் பாதிரி ஐயர் வேறு சபைக்குப் போய்விட்டார், உபதேசியார்தான் ஆராதனை. அறிவிப்பில் பெண்கள் சங்க ஊறுகாய் விற்பனை வரை சொன்னவர், என் கல்யாண ஓலையை வாசிக்க மறந்துவிட்டார். ஆசீர்வாதம் கூறி, சனம் செருப்பு மாட்டிய பிறகுதான் நாக்கைக் கடித்தார்.

மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசித்தால்தான் தாலி. இரண்டு ஆயிற்று. கல்யாணம் செவ்வாய். புதன் முதல் ஈஸ்டர் வரை லெந்து நோன்பு, லெந்தில் எங்கள் கோயிலில் கல்யாணம் கிடையாது. ஆக, மூன்றாம் ஓலையும் கல்யாணமும் ஈஸ்டர் கழிந்துதான்.

"மன்னிச்சுப் போடுங்க டீச்சரம்மா, ஊறுகாய் நெனப்புல உட்டுப்போட்டனுங்க."

முப்பத்தெட்டு வயது வரை காத்திருந்தாயிற்று. கடைசியில் ஊறுகாய். சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

14, திங்கள்
அப்பா மலையிறங்கிச் சேலம் போய் மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டு வந்தார். "அவிய ஒண்ணும் பேசலை கண்ணு." பேசாததுதான் பயம். பெண் பார்க்க வந்த அன்று ஒரே ஒருமுறை பார்த்த மனிதர். மரக்கடையில் கணக்கு. குனிந்தே காப்பி குடித்தார். வேறெதுவும் தெரியாது. வேண்டாம் என்று விட்டால்?

பந்தல் பிரித்தாயிற்று. சேலை பெட்டிக்குள். வாழைத்தார் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு. ஜெபிக்க உட்கார்ந்து, "ஆண்டவரே, இன்னுமா?" ஜெபம் அவ்வளவுதான்.

20, ஞாயிறு
ஓலை வாசிக்கும்போது தடை உண்டா என்று சபையைக் கேட்பது முறை. ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்த மரியக்கா காதோரம்: "ஏங்கண்ணு, யாராச்சும் தடை சொல்லிப்போட்டாங்களாமா?" இல்லை என்றேன். நம்பின முகமாக இல்லை.

இரண்டாம் பாட்டின்போது பின்வாசலில் ஒருவர். வெளுத்த முகம், கையில் எலுமிச்சம்பழம். சேலத்து மாப்பிள்ளை. நேரே போய் ஆண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

வெளியே அப்பாவிடம்: "மலை பஸ்ஸு எனக்குச் சேராதுங்க மாமா. ரெண்டு எடத்துல வாந்தி. ஆனா நான் வந்து உக்காந்தா ஊரு வாய மூடுமில்லீங்க."

மரியக்கா வாய் மூடியது. நானும் பார்த்தேன். ஸ்தோத்திரம்.

6 மார்ச், ஞாயிறு
வாராவாரம் வருகிறார். இன்று எலுமிச்சை இரண்டு. தெரிந்துகொண்டவை: பாட்டில் சுருதி சேராது, சத்தத்துக்குக் குறைவில்லை. காப்பிக்குச் சர்க்கரை மூன்று கரண்டி. மூன்று தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் தனக்குப் பார்க்கும்போது வயது நாற்பத்தொன்று. அவரும் காத்திருந்தவர்தான். எனக்கு அது தோன்றவே இல்லை, என் காத்திருப்பு ஒன்றுதான் பெரிதாகத் தெரிந்தது.
வாங்க: மண்ணெண்ணெய், வெள்ளை நூல், சர்க்கரை (கூடுதலாக).

27, குருத்தோலை ஞாயிறு
காப்பித் தோட்டமெல்லாம் வெள்ளைப் பூ, வாசம் தலையைச் சுற்றியது. பஸ் நிறுத்தம் வரை மூவரும் நடந்தோம். அப்பா செருப்பு கடிக்கிறது என்று பின்தங்கினார். காலில் ஒன்றுமில்லை, எனக்குத் தெரியும்.

"உபதேசியார் மேல கோவமில்லீங்களா?" என்று கேட்டேன்.

"மொதல்ல நொம்ப இருந்துச்சுங்க. அன்னிக்கே கட்டியிருந்தா உங்ககிட்டப் பேசவே ஒரு வருசம் ஆயிருக்குமுங்க எனக்கு."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி முழங்காலில். கேட்க ஒன்றுமில்லை. தந்ததற்கு நன்றி சொல்லிப் பழக்கம். தாமதித்ததற்கு நன்றி சொன்னது இன்றுதான். அந்தச் செவ்வாய் நடந்திருந்தால் முன்பின் தெரியாதவரோடு பஸ் ஏறியிருப்பேன்.

10 ஏப்ரல், ஞாயிறு
வெயில். ஐயரே வந்து மூன்றாம் ஓலை வாசித்தார். தடை ஏதும் அறிந்தவர் இப்போதே சொல்லக்கடவர் என்றார். சபை மூச்சு விடவில்லை. அந்த அமைதியில் மாப்பிள்ளைக்கு இருமல். எல்லாத் தலையும் திரும்பியது. பயந்துபோய் எழுந்தே நின்றுவிட்டார். "தடையில்லீங்க ஐயரே. வெறும் இருமலுங்க."

கோயிலே சிரித்தது, ஐயர் உட்பட. ஓலைக்கு ஆமென் சொல்வது எங்கள் வழக்கமில்லை. சிரிப்பு அடங்கியதும் பெண்கள் பக்கத்திலிருந்து நான் சொன்னேன். சத்தமாகவே.