கோட்டுக்கு மேல் தண்ணீர்

14 மார்ச் 2005
மகள் பூவிழிக்கு மறுபடியும் காதில் சீழ், காய்ச்சல். பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் மகன் தமிழ்வேந்தனுக்கும் காய்ச்சல், இருமல். சர்க்கார் ஆஸ்பத்திரியில் சீட்டு காலையில்தான் தருவார்கள். உப்பளத்தில் உப்பு வாருவதும் காலையில்தான். ஒரு நாள் போகாவிட்டால் மேஸ்திரி வேறு ஆளைப் பாத்தியில் இறக்கிவிடுவான்.

அதனால் வழக்கம்போல மருந்துக்கடை. போன தடவை வாங்கிய அதே மருந்து, தண்ணீர் கலக்கும் பொடி பாட்டில், இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒன்று. ஆறவைத்த வெந்நீரைக் கோடு வரை ஊற்றச் சொல்லி லேபிளில் இருக்கிறது. நான் கழுத்து வரை ஊற்றினேன். விருந்தாளி வந்தால் ரசத்தில் ஊற்றுவதில்லையா? தெருவில் லேபிள் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். 'டாக்டரம்மா' என்று கேலி செய்கிறார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருக்கிறது.

17 மார்ச்
காய்ச்சல் விட்டது. மீதியை மூடி வைத்துவிட்டேன். அடுத்த தடவைக்கு ஆகும்.

9 மே
மறுபடியும் சீழ். நாற்றம். மூடி வைத்ததைக் கொடுத்தேன். உப்பள முதலாளியின் மனைவி அளத்துக்குக் காரில் வந்திருந்தார். மருந்தின் பேரைச் சொன்னேன். "எம்பையனுக்கும் இதே மருந்துதான். போன்ல டாக்டரைக் கேட்டுட்டுக் குடுப்பேன்" என்றார். நான் யாருக்கு போன் செய்வது, கடலுக்கா?

13 மே
கழுத்து வளையவில்லை. கண் திறக்கவில்லை. லோடு ஏற்றப் போன வீட்டுக்காரரையும் காணோம். ஐயோ, இன்னா பண்ணுவேன் — வேலை போனா போவட்டும். பாண்டிக்குத் தூக்கிக்கினு போறேன்.

16 மே, பாண்டி
சீழ் மூளைக்காய்ச்சலில் கொண்டுவந்து விட்டதாம். டாக்டர் திட்டினார். "தண்ணிய கலந்து, பாதியில நிறுத்தினா கிருமி சாவாதும்மா, பழகிடும். இப்ப அந்த மருந்துக்கு அடங்கல. ஏன் முன்னாடியே வரல?"

பாத்தி, மேஸ்திரி, சீட்டு — எல்லாம் சொல்ல வாயெடுத்தேன். பின்னால் அத்தனை பேர் நின்றார்கள். "தெரியலைங்க" என்றேன்.

8 ஜூன்
உயிர் தங்கியது. இரண்டு காதும் இனிமேல் கேட்காதாம். பாவி, நானே ஊற்றினேனே.

என் பாத்தியில் வேறு ஆள்.

22 ஜூலை
செல்லம்மாள் பாட்டிலோடு வந்தாள். "தமிழுக்குக் காய்ச்சல்க்கா, அளந்து ஊத்திக் குடு."

"ஆஸ்பத்திரிக்குப் போடி."

"என் பாத்தி மட்டும் காத்துக்கினு இருக்குமா?"

நியாயம்தான். எனக்குத்தான் வேலை இல்லையே. பையனைத் தூக்கிக்கொண்டு நானே நடந்தேன். பூவிழி பின்னால் வந்தாள். "சீக்கிரம் வாடி" என்று கூப்பிட்டுக்கொண்டே போகிறேன், பழைய பழக்கம். உப்பு லாரி ஹாரன் அடித்தது. நான் ஒதுங்கினேன். அவள் நடு ரோட்டிலேயே வந்துகொண்டிருந்தாள். ஓடிப்போய் இழுத்தேன்.

"செவிடா இன்னா, காது கேக்கல?" என்று டிரைவர் கத்தினான்.

பூவிழி அவனைப் பார்த்துச் சிரித்தாள்.