கழற்றாமல் விட்ட டிஸ்க்

அன்புள்ள டெஸ்ஸாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றும் குறையில்லை, நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். வீட்டுக் கணினி இன்னும் முடங்கிக் கிடப்பதால்தான் தபாலில் எழுதுகிறேன்.

உன் அப்பாவைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்ல? தீவனக் கடை பில் போல ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது, யார் அனுப்பியது என்றுகூடப் பார்க்காமல் திறந்துவிட்டார். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது தலையில் அடித்துக்கொண்டு சொன்னாயே, வீட்டுக் கணினியும் கறவை இயந்திரங்களை ஓட்டும் கொட்டகைக் கணினியும் ஒரே வைஃபையில் இருக்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் நாயின் பெயரையே பாஸ்வேர்டாக வைக்காதீர்கள் என்று. "வெர்மாண்ட் மூலையில கிடக்கற என் மாட்டை எவன்டி தேடி வரப் போறான்" என்று சிரித்தவர்தானே. அந்த மின்னஞ்சலைத் திறந்த அன்று சாப்பிட்டு எழுவதற்குள் பால் கறக்கும் இயந்திரங்கள் எல்லாம் நின்றுவிட்டன, திரையில் பணம் கேட்டு மிரட்டல். மடி கனத்து மாடுகள் கத்திய கத்தல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. பக்கத்துப் பண்ணை ஹாலிஸும் அவன் மனைவியும் பழைய கறவை வாளிகளோடு ஓடிவந்தார்கள், கை மரத்துப்போகும்வரை கறந்தோம். கறந்து என்ன பயன்? மருந்து போட்ட மாட்டின் பாலை விற்கக் கூடாது. எந்த மாட்டுக்கு மருந்து போட்டிருக்கிறது என்ற விவரமெல்லாம் கணினிக்குள், அத்தனை பாலையும் சாணிக்குழியில் ஊற்றினோம். நீ நகல் எடுத்துக் கொடுத்த டிஸ்க் இருக்கிறதே என்று ஓடினால், அது கணினியிலேயே செருகிக் கிடக்கிறது, அதுவும் சேர்ந்து பூட்டிக்கொண்டது. "கழட்டினா எங்கயாவது தொலைஞ்சிடும்னு விட்டேன்" என்கிறார். வந்த கோபத்துக்கு வாளியை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

பணம் கொடுக்கவில்லை. இயந்திரம் விற்ற வென்டெல் வந்து கொட்டகைக் கணினியில் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஏற்றினான். ஆனால் மடிவீக்கம் கண்ட ஜூனிப்பரைக் காப்பாற்ற முடியவில்லை, நீ பெயர் வைத்த மாடு. அதற்குப் பிறகும் இந்த மனிதர் புதுப் பாஸ்வேர்டு என்று அதே நாயின் பெயருக்குப் பின்னால் ஒன்று என்ற எண்ணை மட்டும் சேர்த்து வைக்கிறார். "பெரியவரே, இதுக்குக் கதவைத் திறந்தே போட்டுடலாம்" என்றான் வென்டெல், முறைத்துவிட்டுப் போனார்.

நேற்று ஜூனிப்பர் படுத்திருந்த இடத்தைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அவ சொன்னதையெல்லாம் ஒண்ணொண்ணா எழுதி அனுப்பச் சொல்லு, செய்யறேன்" என்றார். நீங்களே கேட்டால் என்ன என்றேன். குழாயை மூடிவிட்டு அங்கேயே நின்றார். அதனால் நான் கேட்கிறேன். திட்டாமல் எழுது, பெரிய எழுத்தில் எழுது.

கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும். உன் கணினி அப்டேட் கேட்டால் நீயும் அப்பாவைப் போலத் தள்ளிப்போடாதே.

உன் அம்மா,
லோர்னா