யாருடைய ஊர்வலம் என்று நீ கேட்கவில்லை

எமிலுக்கு அம்மா எழுதுவது. நான் இருக்கிறேன். நீ நலமா என்று கேட்க வேண்டியதில்லை, போன சனிக்கிழமை கண்ணாலேயே பார்த்தேன். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய், வெள்ளைச் சட்டை எடுப்பாக இருந்தது.

டென்வரில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, இந்த வருஷமும் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் வர முடியாது என்று சொன்னவன் நீ. அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின திங்கட்கிழமை காலை உன் அப்பா காப்பி குடித்துக்கொண்டே சாய்ந்துவிட்டார், டம்ளர்கூட கையில் இருந்தது. உன் வீட்டுக்குப் போன் அடித்து அடித்து விரல் வலித்தது. ஆபீசில் ஒரு பெண் எடுத்து, அவரு லீவுல இருக்காரும்மா, மாமனார் வீட்டோட எங்கேயோ பாட்டு கேக்க, நல்லா சாப்பிடப் போயிருக்காரு என்றாள். எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தோன்றவில்லை, பெற்றவள் இருக்கிற ஊரில் ஹோட்டலில் போய்த் தங்குவான் என்று யார் நினைப்பார்கள். நம் பக்கத்து வீட்டு யூலாலி நீ தங்கின அந்த ஹோட்டலில்தான் அறை துடைக்கிறாள். அப்பா விஷயத்தைச் சொல்லத்தான் எமிலண்ணே, எமிலண்ணேன்னு கூப்பிட்டேன், தெரியாத மாதிரி லிஃப்டுல ஏறிட்டாரு என்று எல்லாம் முடிந்த பிறகு அழுதாள். உன் மாமியார் பக்கத்தில் நின்றாளாம். நின்றால் என்ன, துடைப்பம் வைத்திருப்பவள் உன்னை அண்ணா என்றால் உன் கோட்டு அழுக்காகிவிடுமா?

சனிக்கிழமை அப்பாவை எடுத்தோம். ஊரில் பாதிப் பேரின் சாவுக்கு டிரம் அடித்த மனிதர், வாத்தியக்காரர் ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். தெருமுனையில் சவப்பெட்டி வண்டிக்கு வழிவிட்டு, அவரை அனுப்பிவிட்டு, நம் ஊர் வழக்கப்படி அழுகைத் தாளத்தை ஆட்டத் தாளமாக மாற்றினார்கள். ஊரே கைக்குட்டையை வீசி ஆட ஆரம்பித்தது. உன் சித்தப்பா க்ளோவிஸ் டிரம்பெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னிடம் ஓடி வந்தார். மதினி, நம்ம எமில் பின்னாடி ஆடிக்கிட்டு வர்றான், கையில கிளாசு, கூட்டிட்டு வரட்டுமா என்றார். திரும்பிப் பார்த்தேன். பொண்டாட்டிக்கு அடி எடுத்து வைக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாய், சிரித்துக்கொண்டு. இந்த ஊரில் பிறந்த சின்னப் பிள்ளைகூட போனது யார் என்று கேட்டுவிட்டுத்தான் ஊர்வலத்தில் கால் வைக்கும். நீ கேட்கவில்லை. வேண்டாம், ஆடட்டும், காசு கொடுத்து வந்திருக்கான் என்றேன்.

க்ளோவிஸுக்கு என்மேல் கோபம். இருக்கட்டும். கூப்பிட்டிருந்தால் நீ அழுதிருப்பாய், எல்லாரும் உன்னைக் கட்டிக்கொண்டு தேற்றியிருப்பார்கள். அந்தச் சுகத்தை உனக்குத் தர எனக்கு மனசில்லை.

நேற்று நீ டென்வரிலிருந்து பேசுவதாகப் போன் செய்து, அப்பா எப்படி இருக்கார் என்றாய். நல்லாத் தூங்குறார் என்றேன். எழுப்ப வேண்டாம், பாவம் என்றாய். அப்போதுதான் கடிதமாகவே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், உனக்கும் அப்பாவின் இதயம்தான். உன் மனைவி நன்றாக இருக்கட்டும், அவள் கால் உன்னைவிடச் சரியாக விழுந்தது. ஒன்றை மறக்காதே, உன் மாமனார் அன்று முழுக்க வீடியோ கேமராவும் கையுமாக இருந்தார். போட்டுக் காட்டச் சொல். நீ ஆட ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கறுப்பு வண்டி போகும். அதற்குள் இருப்பவர் யார் என்று அவரே கேட்பார், நீயே சொல்லிக்கொள்.

உன் அம்மா,
ஒடீல்