மாமியின் அபாயாவில் உப்பு

தில்லையடி,
புத்தளம்.

அன்பு மகள் நஸ்ஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் படியேறும்போது முறைப்பாடு சொல்கிறது. மெல்பேர்னில் நீயும் மருமகன் ஸாஜிதும் சுகமாக இருக்க துஆ கேட்கிறோம். போனில் என்றால் பாதியில் மறித்துவிடுவாய், அதனால்தான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன், முழுவதும் வாசி.

ஸாஜிதின் உம்மா, உன் மாமி அடுத்த மாதம் வந்து தங்கப்போகிறார், வீடு பூனை மயிரும் கீறலுமாய்க் கிடக்கிறது, அதனால் வெள்ளிக்கிழமை உன் பூனை சாம்பலை வேறொரு குடும்பத்துக்குக் கொடுக்கப்போகிறேன் என்று நீ அழுதழுது சொன்னதிலிருந்து உம்மா சரியாகச் சாப்பிடவில்லை. நாலு வருஷம் உன் காலடியில் படுத்த பூனை. மயிருக்கு வழி இருக்கிறது மகள். காலையில் பல்கனியில் வைத்து ஈரக் கையால் தடவிவிடு, உதிரப்போகும் மயிர் கையோடு வந்துவிடும். பாத்திரம் கழுவும் றப்பர் கையுறையை நனைத்து சோபாவை ஒரே பக்கமாகத் தடவினால் மிச்சமும் திரளும். அது படுக்கும் இடத்தில் அழகான ஒரு சாம்பல் நிறத் துணியை விரி, கிழமைக்கு ஒருமுறை கழுவு. தொழுகைப் பாயை மடித்து அலுமாரியில் வை. கீறலுக்கு, நம்ம வீட்டுப் பூனை கறுப்பிக்கு நான் செய்ததுபோல் ஒரு கட்டைக்குத் தும்புக் கயிறு சுற்றி சோபாவுக்குப் பக்கத்திலேயே நிறுத்து. குழப்படிகாரப் பிள்ளைக்குக் கரும்பலகை அழிக்கும் வேலையைக் கொடுத்தால் அடங்குமே, அப்படித்தான்.

இனி நாங்கள் உனக்கு மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். மாமி உன்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் எங்களுக்கு இதே பயம்தான். கறுப்பியின் தெள்ளுப்பூச்சிக்குப் பயந்து, உப்பளத்திலிருந்து வந்த கழுவாத உப்பைக் கரைத்து, முன்னறை நிலம் முழுவதும் துடைத்தேன். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும் என்று இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் நான். அஸர் தொழுகைக்குப் பிறகு கடற்காற்று திரும்பியது, நிலம் வியர்க்கத் தொடங்கியது. மாமி எழும்பினபோது அவரது கறுப்பு அபாயாவின் கரை முழுக்க ஈரம், காயக் காய வெள்ளைக் கோடு. போதாக்குறைக்குப் பின்னறையில் அடைத்த கறுப்பி எப்படியோ வெளியே வந்து அந்தக் கோட்டை நக்கியது. சம்பந்தம் போயிற்று என்று உம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. நீ உள்ளே அறையில் இருந்தாய், உனக்குத் தெரியாது. மாமி குனிந்து கறுப்பியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "பொண்ணு பார்க்க வந்தன், இந்த வீட்டு உப்பையும் கொண்டு போறன்" என்றார். அன்றைக்கே சம்மதமும் சொன்னார்.

நேற்று மாமி பயணச் சாமான் வாங்கிக்கொண்டு இங்கே வந்து போனார். அவுஸ்திரேலியாவுக்குக் கருவாடு கொண்டுபோக விடுவார்களா என்று கேட்டார். ஸாஜிதுக்கா என்றேன். இல்லை, பூனைக்கு என்றார். விடமாட்டார்கள் என்றதும் முகம் வாடி, அதன் பெயர் என்ன என்று கேட்டார். சாம்பல் என்று மட்டும் சொன்னேன், மிச்சம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் குடும்பத்தை வெள்ளிக்கிழமை வரவேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடு மகள்.

அல்லாஹ் உங்கள் வீட்டில் பரக்கத்தைத் தரட்டும். எதனால் துடைத்தாலும் உப்புத் தண்ணீரால் துடைக்காதே.

அன்புள்ள வாப்பா,
மஸாஹிர்