பிந்தி வரும் சிரிப்பு

மே 2

வாலுவின் அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வருகிறது. பிரிந்த பிறகாவது நிதானமாக இருப்போம் என்றுதான் எழுதுகிறேன்.

காது கேளாதோர் பள்ளியில் வாலுவுக்கு இடம் இருக்கிறது. கை மொழியில் பாடம் நடக்கும். அப்பா, அம்மா இருவரும் நேரில் வந்து சம்மதம் சொன்னால்தான் சேர்ப்பார்களாம். இப்போதைய பள்ளியில், எல்லோரும் சிரித்த பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இவளும் சிரிக்கிறாள். எதற்கென்று அவளுக்குத் தெரியாது.

இந்த மாதத்துக்குள் பதில் சொல்லுங்கள்.

வாலுவின் அம்மா

மே 9

வாலுவின் அம்மாவுக்கு,

முடியாது. ஏழு வயதுப் பிள்ளை கையை ஆட்டிக்கொண்டு நின்றால் தெருவே வேடிக்கை பார்க்கும். காதுக்கு மெஷின் வாங்கியாயிற்று, பேச்சு மெல்ல வரும். நாலு பிள்ளைகளைப் போல வளரட்டும். நீ எப்போதுமே அவசரக்குடுக்கை.

லீவுக்கு இரண்டு நாள் என்னிடம் அனுப்பு.

வாலுவின் அப்பா

மே 14

வாலுவின் அப்பாவுக்கு,

அனுப்புகிறேன். முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். முதுகைக் காட்டிக்கொண்டு கூப்பிட்டுவிட்டு, திமிர் பிடித்தவள் என்று திட்டாதீர்கள். உங்கள் நெசவு மில்லுக்கு மட்டும் கூட்டிப் போக வேண்டாம். அந்தச் சத்தத்தில் எனக்கே தலை வெடிக்கும்.

வாலுவின் அம்மா

மே 24

வாலுவின் அம்மாவுக்கு,

எனக்கு லீவு கிடைக்கவில்லை, மில்லுக்குத்தான் கூட்டிப் போனேன். திட்டாதே. கதவோரம் ஸ்டூலில் உட்கார வைத்தேன். காது மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

தறி ஓடும்போது காதருகே கத்தினாலும் எங்களுக்குக் கேட்காது. நூல் அறுந்தது, டீ வந்தது, சூப்பர்வைசர் வருகிறார், எல்லாவற்றுக்கும் கைஜாடைதான். இத்தனை வருஷப் பழக்கத்தில் அதை ஒரு பேச்சு என்றே நான் நினைத்ததில்லை.

பக்கத்துத் தறிக்காரர் சூப்பர்வைசரின் தொப்பையையும் நடையையும் கையாலேயே காட்டினார். வாலு குபீரென்று சிரித்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான்தான் அவளுக்குப் பிறகு சிரித்தேன். சாயங்காலத்துக்குள் ஆளுக்கொரு அடையாளம் வைத்துவிட்டாள். எனக்கு, மூக்கைப் பிடித்துக்கொண்டு முறைப்பது. இப்போது மில்லே என்னை அப்படித்தான் கூப்பிடுகிறது.

வெளியே வந்ததும் தறிக்காரர் சொன்னார்: "பேச்சே வரலன்னு சொன்னே, சரியான வாயாடியா இருக்காளேப்பா!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலையில் அந்தப் பள்ளி வாசலில் நிற்பேன். பெற்றவர்களுக்கும் கை மொழி சொல்லித் தருவார்களா, கேட்டு வை. அப்பா கொஞ்சம் மக்கு என்று முன்னாடியே சொல்லிவிடு.

உனக்கும் ஓர் அடையாளம் வைத்திருக்கிறாள். எழுதிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. நேரில் காட்டுகிறேன்.

வாலுவின் அப்பா