கூட்டத்தோடு சேர்ந்து அடித்த விசில்

நவோஹோவா, சொனோரா
பிப்ரவரி, வியாழக்கிழமை

என் அன்பு மகன் ரோசெண்டோவுக்கு,

அம்மா எர்மினியா ஆயிரம் முத்தங்களோடு எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை அம்பாரோவும் அவள் பிள்ளைகளும் தேவன் அருளால் சுகம். அங்கே ஃபுளோரிடாவில் உனக்கு முழங்கால் வலி இல்லாமல் வேளைக்குச் சோறு இறங்கி நிம்மதியாகத் தூக்கம் வர வேண்டும் என்று கன்னி மாதாவுக்குத் தினமும் மெழுகுவத்தி ஏற்றுகிறேன். இந்த வருஷம் குளிர் போகவே மாட்டேன் என்கிறது, வாய்க்கால் வரைக்கும் கோதுமை பச்சையாக நிற்கிறது, அம்பாரோவின் சின்னவனுக்கு முன்பல் விழுந்து அதைக் காட்டிக் காட்டித் தெருவெல்லாம் சிரித்துக்கொண்டு திரிகிறான். கொடியில் மாட்டிறைச்சி உலர்த்தினேன், பாதியைப் பக்கத்து வீட்டுப் பூனை கொண்டுபோய்விட்டது, மீதியை இடித்து உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன். நீ சின்னப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன் என்று நாள் முழுக்கத் தொப்பியில்லாமல் வெயிலில் நிற்காதே. போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாள் கிழவி என்று நினைப்பாய். போனில் சொன்னால் விடும்மா விடும்மா என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். எழுதி முடித்ததும் அம்பாரோ இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள். படிக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன், படிப்பாள்.

விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை தோன் அபுந்தியோ வீட்டுக்கு வந்தார். நம் ஊர் பேஸ்பால் அணியின் சொந்தக்காரர் நம் வீட்டு வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். உள்ளே கூப்பிட்டு காப்பி கொடுத்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எர்மினியாம்மா, வர்ற சீசனுக்கு மேனேஜரா வாடா, அணியையே உன் கையில குடுக்கறேன்னு உங்க மவன்கிட்ட கேட்டேன், வேணாங்கறான். ஏன்டான்னு கேட்டா, மூணாவது பேஸ்ல கோச்சா நின்னதுக்கே எங்கம்மாவ அந்தப் பாடு படுத்திட்டாங்க, மேனேஜரா வந்தா தெனமும் அந்த விசிலை அவங்க கேக்கணும், அன்னைக்கு தாங்க முடியாம அவங்க சீட்ட விட்டு எழுந்து நின்னத நான் பாத்தேன், இந்த வயசுல அவங்களுக்கு அது வேணாங்கறான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றார். கையிலிருந்த காப்பியை மேசை விரிப்பில் கொட்டிவிட்டேன். அவர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி தட்டில் இருந்த கொயோத்தா ரொட்டியை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

மகனே, அந்த வேலை உனக்கு என்ன என்று எனக்குத் தெரியாதா. பார்சல் அனுப்பியவள் நான்தானே. தபாஸ்கோவுக்கு அனுப்பினேன், மொங்க்ளோவாவுக்கு அனுப்பினேன், பெயர்கூட வாயில் நுழையாத அமெரிக்க ஊர்களுக்கு எல்லாம் அனுப்பினேன், பாதிப் பார்சல் நீ அந்த ஊரை விட்டுப் போன பிறகுதான் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு புது சட்டை, ஒரு புது நம்பர், ஒரு வாடகை அறை. நடுவில் ஓடி ஓடிப் பந்து பிடித்துக்கொண்டிருந்தவனை வயசானதும் ஓரத்துக்குத் தள்ளினார்கள், ஓரத்திலிருந்து பெஞ்சுக்குத் தள்ளினார்கள். பெரிய லீகில் ஒரே ஒரு வாரம் உன்னைக் கூப்பிட்டு வைத்திருந்தார்கள், அந்த வாரத்தை வைத்துக்கொண்டே நான் சந்தையில் எத்தனை வருஷம் பீற்றிக்கொண்டேன். கடைசியில் தபாஸ்கோவில் பஸ் கிளம்பும் நேரத்தில் உன்னைக் கீழே இறங்கச் சொன்னார்களே, ஆடினது போதும், சின்னவன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாயா என்று கேட்டார்களே, அன்றைக்கு நீ போனில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். பெற்றவளுக்குத் தெரியும் அது என்ன சிரிப்பு என்று. ஒருநாளாவது ஓர் அணி என் பேச்சைக் கேட்க வேண்டும் என்று நீ சொன்னது ஒரே ஒரு தடவை, அதுவும் உன் அப்பாவின் அடக்கத்தன்று, அதற்குப் பிறகு சொன்னதே இல்லை. இப்போது அதுவே, அதுவும் நம் ஊரிலேயே, தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலுக்கு வந்திருக்கிறது. அதைத்தான் எனக்காக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய்.

அதனால் போன மாசம் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்ததை நான் சொல்லித்தான் ஆக வேண்டும், சொல்ல வெட்கமாக இருக்கிறது. பக்கத்து ஊர் ஒப்ரெகோன்காரர்களிடம் தோற்றால் சீசன் முடிந்தது. ஆட்டத்தின் கடைசி நேரம், நமக்கு ஒரு ஓட்டம் குறைவு, நம் கேட்சர் தொரிபியோ இரண்டாவது பேஸில். அடித்த பந்து இடது பக்கம் போனதும் மூன்றாவது பேஸ் ஓரம் நின்ற நீ கையைச் சுழற்றி, ஓடு ஓடு என்று அவனைக் கடைசி பேஸுக்கு, ஹோமுக்கு, அனுப்பினாய். நீ நின்ற இடம் பாழாய்ப்போன இடம், ஓடியவன் வந்து சேர்ந்துவிட்டால் அவன் காலுக்குப் பெயர், அவுட்டானால் அனுப்பியவனுக்கு வசவு. அவன் வந்து சேர நாலடி இருக்கும்போதே பந்து வந்துவிட்டது. உடனே ஸ்டேடியம் முழுக்க அந்த விசில் கிளம்பியது. அம்மாவைப் பழிக்கிற அந்த விசிலைத்தான் சொல்கிறேன், வாயால் சொன்னால் பாவம் என்று இந்த ஊர்க்காரர்கள் உதட்டைக் குவித்து ஊதியே சொல்லிவிடுவார்களே, அது. நானும் எழுந்து நின்றேன். எழுந்து நின்று இரண்டு விரலை வாயில் வைத்து, கூட்டத்தோடு சேர்ந்து, அதே விசிலை அடித்தேன் ரோசெண்டோ. யாருடைய அம்மாவைப் பழிக்கிறேன் என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. நீ தலையைத் திருப்பி என் சீட்டைப் பார்த்தபோது விரல் இன்னும் வாயில்தான் இருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து அழுகையை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள் என்று உனக்குத் தோன்றியிருக்கும்.

இன்னும் இருக்கிறது. பக்கத்தில் கடலை விற்கிற சாயோ என் சால்வையைப் பிடித்து இழுத்து, "யக்கா, என்னக்கா பண்றீங்க, அங்க நிக்கறது ஒங்க புள்ளைல்ல?" என்று கேட்டாள். "இன்னைக்கு இல்லடி!" என்று கத்தினேன். முன்வரிசை ஆட்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்தும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அதைவிட மோசமானது ஒன்று. தொரிபியோ மூன்றாவது பேஸில் திரும்பும்போது அதைச் சரியாக மிதிக்காமல் கால் மடங்கித் தடுமாறினான். நீ அனுப்பியது சரிதான், தடுமாறியிருக்காவிட்டால் பந்து வருவதற்குள் வந்திருப்பான். என் சீட்டிலிருந்து அது நன்றாகத் தெரிந்தது. தெரிந்துதான் விசிலடித்தேன். முப்பது வருஷமாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து, தோற்றால் யாரையாவது திட்டியே தீர வேண்டும் என்று உடம்பில் ஊறிவிட்டது, அன்றைக்குக் கைக்கு அகப்பட்டவன் நீ.

நீ ஏன் என்னை அப்படி நினைக்கவில்லை என்பதும் தெரியும். நீ ஆடின காலத்தில் உன்னைத் திட்டின ஒருவனைக் குடையால் அடித்து, என்னை வாசல் வரை போலீஸ்காரர் கூட்டிக்கொண்டு போனாரே, உன் மனசில் இருக்கிற அம்மா அவள். அந்தத் தோல்விக்கு மறுநாள் விடியற்காலையில் நீ பெட்டியோடு கிளம்பும்போது என் நெற்றியில் முத்தம் கொடுத்து, "மன்னிச்சிரும்மா" என்றாய். என் விசில் உனக்குக் கேட்டுவிட்டது, குத்திக்காட்டுகிறாய் என்றுதான் நான் நினைத்தேன். அதனால் உன் முகத்தைப் பார்க்காமல் "சரி சரி, ஸ்வெட்டர எடுத்துக்க" என்றேன். உன்னால் எனக்கு அவமானம் வந்ததென்று நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய், நான் அதைப் பெரிய மனுஷி மாதிரி வாங்கி வைத்துக்கொண்டு ஸ்வெட்டரைப் பற்றிப் பேசியிருக்கிறேன். தோன் அபுந்தியோ வந்து சொல்கிறவரை எனக்கு இது விளங்கவில்லை. அவர் போனதும் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று நெடுநேரம் அழுதேன்.

நேற்று கோயிலுக்குப் போய்ப் பாவமன்னிப்புக் கேட்டேன். முழுவதையும் சொல்லி முடித்தேன். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாதிரியார் மெதுவாக, "நானும் அடிச்சேன் எர்மினியா" என்றார். ஜெபம் சொல்லச் சொன்னார், தனக்கும் சேர்த்துச் சொல்லச் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன், ஆனால் பாரம் இறங்கவில்லை. மன்னிக்க வேண்டியவன் ஃபுளோரிடாவில் அல்லவா இருக்கிறான்.

இதைச் சொல்லாமலே, எனக்கு ஒன்றும் வருத்தமில்லை, நீ வா என்று இரண்டு வரி எழுதிவிடலாமா என்று பார்த்தேன். நீ நம்ப மாட்டாய், எனக்காகப் பொறுத்துக்கொள்கிறாள் என்று இன்னும் பிடிவாதம் பிடிப்பாய். அதனால்தான் நல்ல பெயரை விட்டுவிட்டு உண்மையை எழுதினேன். அந்த விசில் என்னைத் தொடவே இல்லை. நீ யாரைக் காப்பாற்றுவதற்காக அந்த வேலையை விடுகிறாயோ அப்படி ஒருத்தி அந்த சீட்டில் இல்லை. நான் வருவதுதான் உனக்கு இடைஞ்சல் என்றால் சொல், வீட்டிலேயே வானொலியில் கேட்டுக்கொள்கிறேன், அங்கே கத்தினால் சமையலறைக்கு மட்டும்தான் கேட்கும். என்மேல் கோபமிருந்தால் வைத்துக்கொள், வேலையை மட்டும் வாங்கிக்கொள். இத்தனை ஊர்கள் உன்னை வேண்டாம் என்று அனுப்பின, அத்தனைக்கும் நான் சாபம் விட்டிருக்கிறேன். சொந்த ஊரிலிருந்து உன்னை அனுப்பியவள் நானாக இருந்தால் யாருக்குச் சாபம் விடுவேன்.

முழங்காலுக்கு ராத்திரியில் தைலம் தேய், ஈரச் சாக்ஸோடு படுக்காதே. அப்பா மேலிருந்தும் நான் இங்கிருந்தும் உன்னை ஆசீர்வதிக்கிறோம், போகிற வழியெல்லாம் கன்னி மாதா கூடவே வரட்டும். ஒன்றை மறந்துவிடாதே, தோன் அபுந்தியோ ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிறவரைதான் காத்திருப்பார், அதற்குப் பிறகு மெஹிகாலிக்காரன் ஒருவனிடம் பேசப் போகிறாராம். முதலில் அவரைக் கூப்பிட்டுச் சரி என்று சொல், அதற்குப் பிறகு என்னைத் திட்டக் கூப்பிடு.

நீ மன்னிப்புக் கேட்டிருக்கக் கூடாத உன் அம்மா,
எர்மினியா